எண்ணாமல் எடுக்கும் மரக்கணக்கு

புதுக்கோட்டை மாவட்டத்து மானாவாரி விவசாயிக்கு மரம் என்பது நிலத்தில் போட்டு வைத்த சேமிப்பு. பருவம் தவறிக் கடலை காய்ந்துபோன ஆண்டிலும் மேட்டு நிலத்தில் வேம்பும் உசிலையும் கருவேலும் நின்றுகொண்டுதான் இருக்கும். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், வீட்டில் ஒரு திருமணம், ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் என்று ஒரு செலவு வந்து நிற்கும்போது மர வியாபாரிக்கு ஆள் அனுப்பப்படுகிறது.

வியாபாரி வருகிறார். வெற்றிலையை மென்றபடி நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றுகிறார். "நானூறு மரம் தேறும் அண்ணே. கூட இருந்தா எனக்கு லாபம், குறைஞ்சா எனக்கு நஷ்டம்" என்கிறார். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அவர் மாதத்துக்கு நாலு காடு பார்ப்பவர். விவசாயி மரம் விற்பதோ ஐந்தாண்டுக்கு ஒரு தடவை, பத்தாண்டுக்கு ஒரு தடவை. இருவர் கண்ணில் யாருடைய கண் பழகிய கண் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்து போவதற்கு இடம் வைத்து அவர் விலை பேசமாட்டார்.

மரத்தை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் என்றால் சுண்ணாம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு மரத்துக்கு மரம் ஒரு பொட்டு வைத்து எண்ணிவிடுவதே மேல். அதைவிடச் சரியான கணக்கு வேறு கிடையாது. நாலைந்து ஏக்கர் முள்காடாக இருக்கும்போதுதான் தொல்லை. இருநூறைத் தாண்டியதும் எண்ணிய மரம் எது, எண்ணாத மரம் எது என்ற குழப்பம் வந்துவிடும். மறுநாள் எண்ணினால் வேறு எண் வரும்.

இத்தகைய இடங்களுக்கு, காட்டு மரக் கணக்கெடுப்பில் கையாளப்படும் தூர அளவை முறை உதவும். இதற்கு ஒரு நாடா, இரண்டு கம்பு, ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு ஆட்கள் போதும். இந்த முறை எங்கே பலிக்கும், எங்கே காலை வாரிவிடும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால்தான் பயன் உண்டு.

இடைவெளி தெரிந்தால் எண்ணிக்கை தெரியும்

இந்தக் கணக்கின் அடிப்படை விவசாயிகளுக்குப் புதிதல்ல. நிலக்கடலையை 30க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் விதைத்தால் ஒரு சதுர மீட்டரில் 33 செடி நிற்கும் என்பது தெரிந்ததே. தென்னையை 25 அடிக்கு 25 அடி வைத்தால் ஒரு மரத்துக்கு 625 சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. வகுத்தால் ஏக்கருக்கு 70 மரம் வருகிறது. ஒரு கன்றையும் எண்ணாமலே இடைவெளியிலிருந்து எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறோம்.

தானாக வளர்ந்த மரங்களுக்கு இப்படிக் குறித்த இடைவெளி இல்லை. ஓரிடத்தில் ஐந்தடியில் நிற்கும், மற்றோரிடத்தில் முப்பது அடி தள்ளி நிற்கும். ஆகவே நிலத்தின் பல இடங்களில் நின்று தூரத்தை அளந்து, 'சராசரி இடைவெளி' ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அது கிடைத்துவிட்டால் மீதிக் கணக்கு தென்னந்தோப்புக் கணக்கேதான்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்டம், கர்ட்டிஸ் என்ற இரு தாவரவியல் அறிஞர்கள் இதற்கான வழியை 1956ஆம் ஆண்டில் விளக்கமாக வெளியிட்டார்கள். இதற்கு முன்னோடியாக இருந்தது நில அளவைக்காரர்களின் ஒரு பழக்கம். அங்கே சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் அரசு நில அளவை நடந்தபோது, எல்லைக் கல்லோ முளையோ பின்னாளில் காணாமல் போனால் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக, முளையைச் சுற்றி நின்ற சில மரங்களை 'சாட்சி மரம்' என்று குறித்து, முளையிலிருந்து அவற்றின் தூரத்தையும் திசையையும் ஏட்டில் எழுதி வைத்தார்கள். எல்லைத் தகராறுக்காக எழுதி வைத்த அந்தத் தூரங்கள், காடு அழிந்து நூறாண்டு கழித்து, அங்கே ஏக்கருக்கு எத்தனை மரம் நின்றது என்று கணக்கிட உதவின. நம் ஊர் கிராமக் கணக்கில் மரங்களைக் குறிக்கும் பழக்கம் இருந்ததை நினைத்துப் பார்த்தால் இது விசித்திரமாகத் தோன்றாது.

நாலு மூலை அளவை

செய்முறை வருமாறு. நிலத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து அங்கே ஒரு முளைக்குச்சியை ஊன்ற வேண்டும். அதன் மேல் இரண்டு கம்புகளைக் கூட்டல் குறிபோல் வைத்தால், சுற்றியுள்ள இடம் நாலு மூலைகளாகப் பிரியும். ஒவ்வொரு மூலையிலும் முளைக்கு மிக அருகில் நிற்கும் மரம் எதுவோ, அந்த ஒரு மரத்துக்கு மட்டும் தூரத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஆக ஒரு புள்ளியில் நாலு அளவு. பிறகு அடுத்த புள்ளிக்குப் போய்விடலாம். இப்படி இருபது புள்ளிகளில் அளந்தால் 80 தூரங்கள் கிடைக்கும். எண்பதையும் கூட்டி 80ஆல் வகுத்தால் வருவதே சராசரி இடைவெளி.

எடுத்துக்காட்டாக, நாலு ஏக்கர் மேட்டு நிலத்தில் அளந்த 80 தூரங்களின் கூட்டுத்தொகை 1,320 அடி என்று வைத்துக்கொள்வோம். சராசரி 16.5 அடி. இதை இதே எண்ணால் பெருக்கினால் 272.25 சதுர அடி. ஒரு மரத்துக்கு விழும் இடம் இதுதான். 43,560ஐ இதனால் வகுத்தால் ஏக்கருக்கு 160 மரம். நாலு ஏக்கருக்கு 640 மரம். வியாபாரி சொன்ன நானூறை இப்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

640 என்பது எண்ணி எடுத்த எண் அல்ல, மாதிரியிலிருந்து வந்த எண். அதில் கூடுதல் குறைவு இருக்கும். எண்பது தூரங்கள் அளந்திருந்தால் மூன்றில் இரண்டு தடவை உண்மை எண் 640க்கு 75 கூடவோ குறையவோ இருக்கும். இன்னும் உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை 490க்கும் 790க்கும் இடையில் இருக்கும். 'இவ்வளவு அகலமான கணக்கா' என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். நானூறு என்ற பேச்சு இந்த எல்லைக்குள்ளேயே வரவில்லை என்பதுதான் முக்கியம். பேரத்தில் நிமிர்ந்து நிற்க அது போதும். இன்னும் நெருக்கமான கணக்கு வேண்டுமானால் புள்ளிகளைக் கூட்டலாம். 25 புள்ளிக்குப் பிழை நூற்றுக்குப் பத்து. அதை ஐந்தாகக் குறைக்க 50 புள்ளி போதாது, 100 புள்ளி வேண்டும். பிழை பாதியாக வேண்டுமானால் வேலை நாலு மடங்காகிறது. சாதாரண விற்பனைக்கு இருபது, இருபத்தைந்து புள்ளிகளுக்கு மேல் போவது வீண் சிரமம்.

அளக்கும்போது நேரும் தவறுகள்

தூரத்தை அதே எண்ணால் பெருக்குவதால் சிறிய தவறும் பெரிதாகிவிடும். 16.5 அடி சராசரியை 15 அடி என்று தவறாக எடுத்துவிட்டால், ஏக்கருக்கு 160 மரம் என்பது 194 ஆகிவிடும். ஒன்றரை அடி வித்தியாசத்தில் 34 மரம்! ஆகவே நாடா தொய்யக் கூடாது. புதரைச் சுற்றி வளைந்து போகக் கூடாது. நாடாவின் நுனி பட்டையைத் தொட்ட இடத்தோடு அளவு முடிவதில்லை. மரத்தின் நடுத்தண்டு வரை தூரம் வேண்டும் என்பதால், மரத்தின் பருமனில் பாதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றடிச் சுற்றளவுள்ள வேம்புக்கு இது ஏறக்குறைய ஆறு அங்குலம். எல்லாத் தூரங்களையும் முதலில் கூட்டிச் சராசரி கண்டு, அந்தச் சராசரியைத்தான் பெருக்க வேண்டும். ஒவ்வொரு தூரத்தையும் தனித்தனியே பெருக்கிப் பிறகு சராசரி எடுத்தால் மரக்கணக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

எது மரம், எது கன்று என்பதை வேலை தொடங்குமுன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் பத்து அங்குலச் சுற்றளவுக்கு மேற்பட்டதே மரம் என்று வைத்துக்கொண்டால், கடைசிப் புள்ளி வரை அதுவே சட்டம். நாலரை அடியில் ஒரு கம்பை வெட்டிக் கையில் வைத்துக்கொள்வது நலம். சீமைக் கருவேல் அடியிலேயே மூன்று நாலு தண்டுகளாகப் பிரிந்து நிற்கும். ஒரு தூருக்கு ஒரு மரம் என்று கொள்வதா, தண்டுக்கு ஒரு மரம் என்று கொள்வதா என்பதை வியாபாரியிடம் பேசும் முறைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். இடையில் மாற்றினால் கணக்கு கெட்டுப்போகும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது புள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் சலுகை. மனிதனுடைய கால், முள் இல்லாத இடத்தைத் தேடிப் போகும். நடக்க வசதியான வெட்டவெளியில் நின்று அளந்தால் தூரம் நீளும், மரம் குறையும். மரம் அதிகம் இருப்பதாகக் காட்ட ஆசைப்பட்டு அடர்ந்த இடமாகப் பார்த்து நின்றால் எதிர்ப்பக்கம் பிழைக்கும். தன்னையே ஏமாற்றிக்கொள்வதுதான் மிச்சம். புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ரூபாய் நோட்டிடம் விட்டுவிடலாம். நிலத்தின் ஒரு மூலையில் நின்றுகொண்டு, ஒரு நோட்டின் வரிசை எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்து, அத்தனை தப்படி வரப்போரம் நடந்து, அடுத்த நோட்டின் கடைசி மூன்று இலக்கத்துக்கு அத்தனை தப்படி உள்ளே போனால் அதுவே புள்ளி. நிலத்தின் நீள அகலத்துக்கு மேற்பட்ட எண் வந்தால் அதை விட்டுவிட்டு வேறு நோட்டை எடுக்க வேண்டும். புள்ளி முட்புதருக்குள் விழுந்தாலும் அங்கேயே முளை அடிக்க வேண்டும்.

வரப்பு மரங்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நம் பக்கத்தில் பனையும் வேம்பும் வரப்பில்தான் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றைத் தனியே நடந்து முழுவதும் எண்ணிவிட்டு, வயலின் உட்பகுதிக்கு மட்டும் நாலு மூலை அளவையைக் கையாள வேண்டும். ஓரத்திலிருந்து 25, 30 அடி உள்ளே தள்ளியே புள்ளிகள் இருக்கட்டும். இல்லாவிட்டால் பக்கத்து வெட்டவெளி நிலத்தைப் பார்த்த மூலையில் மரமே அகப்படாது. நிலத்தின் நடுவிலேயே சில மூலைகளில் கண்ணுக்கெட்டிய தூரம் மரம் இல்லை என்றால், அந்த மூலையை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் எழுதிக்கொள்வது தவறு. அப்படிச் செய்தால் வெற்றிடம் கணக்கிலிருந்து மறைந்து, இல்லாத மரங்கள் முளைத்துவிடும்.

வரிசை நடவில் இது உதவாது

இந்த முறையைத் தென்னந்தோப்பிலோ சவுக்குத் தோப்பிலோ கையாளவே கூடாது. காரணத்தை வீட்டிலேயே தாளில் வரைந்து பார்க்கலாம். 25 அடிச் சதுர நடவில் எந்த இடத்தில் நின்றாலும் நாலு மூலைகளிலும் மரம் அருகிலேயே இருக்கும். நீண்ட தூரம் என்பதே வராது. சராசரி 19 அடியைச் சற்றே தாண்டும். அதைப் பெருக்கி வகுத்தால் ஏக்கருக்கு 119 மரம் என்று விடை வரும். உண்மையில் நிற்பதோ 70. ஒழுங்கின்றிச் சிதறி நிற்கும் மரங்களுக்காக ஏற்பட்ட கணக்கு இது. ஒழுங்காக நட்ட மரங்களை எப்போதும் கூட்டியே காட்டும்.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பகுதித் தென்னை விவசாயிகள் மரத்தின் எண்ணிக்கை என்பது என்ன என்பதை நன்றாகவே உணர்ந்தார்கள். அப்போது அரசு அறிவித்த நிவாரணம் விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில். அந்த 175 என்பது 7.5 மீட்டர் சதுர நடவுக்குரிய எண்தான். ஏக்கருக்கு 71 வருகிறது. நெருக்கி நட்டவர், இடையில் பட்டுப்போன மரத்துக்குப் பதில் கன்று வைத்தவர் எல்லோருடைய தோப்பும் இந்த எண்ணுக்குள் அடங்காது. வரிசைத் தோப்பு வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை வரிசை வாரியாக எண்ணி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு எந்தச் சூத்திரமும் தேவையில்லை.

தைலமரத்துக்கும் இதேதான். 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் இம்மாவட்டத்தில் பெரிய அளவில் வளர்த்த மரம் இது. பட்டா நிலங்களிலும் பரவியிருக்கிறது. 3 மீட்டருக்கு 1.5 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 900 கன்று. இரண்டு மூன்று வெட்டுக் கண்டு, தூர் பட்டுப்போய், அங்கங்கே ஓட்டை விழுந்த தோட்டத்தில் எத்தனை மிச்சம் என்று அறிய, பத்து வரிசைக்கு ஒரு வரிசை எடுத்து உயிரோடு உள்ள தூர்களை எண்ணினால் போதும். முதல் பத்து வரிசைகளில் எதில் தொடங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்துகொள்ள வேண்டும். எண்ணியதைப் பத்தால் பெருக்கினால் கணக்கு முடிந்தது.

கொத்துக் கொத்தாக நின்றால் விவசாயிக்கு நஷ்டம்

வரிசை நடவில் கணக்கு கூடிப் போகிறது. கொத்தாக நிற்கும் இடத்தில் குறைந்து போகிறது. புதுக்கோட்டைப் பகுதி விவசாயிகள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். சீமைக் கருவேல் ஒரே சீராகப் பரவுவதில்லை. ஆடு மாடு காயைத் தின்று சாணமும் புழுக்கையும் போட்ட இடம், மழைநீர் ஓடி நிற்கும் பள்ளம், கண்மாய் உள்வாய் ஆகிய இடங்களில் அடைத்து வளரும். சுக்கான் மேட்டில் ஒன்றிரண்டுதான் நிற்கும். ரூபாய் நோட்டு சொல்லும் புள்ளிகளில் பெரும்பாலானவை இடைவெளிகளில் விழும். தூரம் நீளும், மரம் குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு ஏக்கர் நிலத்தில் இரண்டு ஏக்கர் அடர்த்தி, மூன்று ஏக்கர் கலப்பு, ஓர் ஏக்கர் பொட்டல். அடர்ந்த பகுதியில் சராசரி 9 அடி என்றால் ஏக்கருக்கு 538 மரம், இரண்டு ஏக்கருக்கு 1,076. கலப்பில் சராசரி 22 அடி என்றால் ஏக்கருக்கு 90, மூன்று ஏக்கருக்கு 270. மொத்தம் 1,346 மரம். இதையே பிரிக்காமல், பொட்டலை மட்டும் நீக்கிவிட்டு, ஐந்து ஏக்கரையும் ஒன்றாகப் பாவித்து அளந்தால் சராசரி 16.8 அடி வரும். அதன்படி ஏக்கருக்கு 154, ஐந்து ஏக்கருக்கு 772 மரம்தான். முறைப்படி அளந்தும், கணக்கில் ஒரு தவறும் செய்யாமலும், 574 மரம் காணாமல் போய்விடுகிறது. இந்த ஏமாற்றத்துக்கு வியாபாரி காரணமல்ல.

ஆகவே முளை அடிக்குமுன் நிலத்தை ஒரு முறை நடந்து பார்த்து, அடர்த்தி, கலப்பு, பொட்டல் என்று பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் சங்கிலியோ நாடாவோ பிடித்துத் தனியே அளந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகப் புள்ளிகள், தனியாகச் சராசரி, தனியாகக் கணக்கு. கடைசியில் மரங்களைத்தான் கூட்ட வேண்டுமே தவிர தூரங்களைக் கூட்டக் கூடாது.

பிரித்த பிறகும் ஒரு பகுதிக்குள் மரம் சிதறி நிற்கிறதா, கொத்தாக நிற்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் அதையும் நாடாவைக் கொண்டே சோதிக்கலாம். பெசாக், கிளீவ்ஸ் என்ற இருவர் 1973இல் சொன்ன வழி இது. புள்ளிக்கு மிக அருகிலுள்ள ஒரு மரத்துக்குத் தூரத்தை அளக்க வேண்டும். பிறகு அந்த மரத்தடியில், புள்ளிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தனக்கு முன்பக்கம் உள்ள மரங்களில் மிக அருகிலுள்ளதற்குத் தூரத்தை அளக்க வேண்டும். பத்துப் பதினைந்து புள்ளிகளில் இப்படிச் செய்து இரண்டுக்கும் தனித்தனியே சராசரி காண வேண்டும். மரம் சிதறி நிற்கும் இடத்தில் இரண்டாவது சராசரி முதலாவதைப்போல் சுமார் 1.4 மடங்கு இருக்கும். அதற்கு வெகுவாகக் குறைந்தால் மரங்கள் கொத்தாக நிற்கின்றன. வெகுவாகக் கூடினால் வரிசையாக நிற்கின்றன. சரியான சதுர நடவில் இது 2.6 மடங்கு வரும். 1.4ஐ ஒட்டி வந்தால் நாலு மூலைக் கணக்கை நம்பலாம்.

வனத்துறையினர் எப்படி எண்ணுகிறார்கள்?

பிரிட்டிஷ் ஆட்சியில் 1856இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்ற பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர், யானை மேல் ஏறிக் காட்டுக்குள் போவாராம். கையில் நாலு மூங்கில் துண்டுகள், ஒவ்வொரு பருமனுக்கும் ஒன்று. வழியில் தென்பட்ட தேக்கு ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய மூங்கிலில் கத்தியால் ஒரு வெட்டு. இப்படிக் கோடு கோடாகக் காட்டைக் கடந்து மரக்கணக்கு எடுத்தார். பின்னர் 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானவரும் அவரே.

பிற்காலத்தில் கட்டம் போட்டு எண்ணும் முறை நிலைத்தது. 1965இல் ஐக்கிய நாடுகள் உதவியுடன் தொடங்கிய வனவள ஆய்வுத் திட்டம் 1981இல் இந்திய வன அளவை நிறுவனமாக மாறியது. டேராடூனில் உள்ள அந்த நிறுவனம் நெடுங்காலம் பயன்படுத்தி வந்தது 0.1 ஹெக்டேர், அதாவது சுமார் 25 சென்ட் சதுரக் கட்டம். கட்டத்துக்குள் உள்ள மரங்கள் எல்லாவற்றையும் எண்ணி அளப்பதால் மரம் வரிசையாக நின்றாலும் கொத்தாக நின்றாலும் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. தூர அளவைக்கு இல்லாத பெரிய அனுகூலம் இது. ஆனால் 104 அடிச் சதுரத்துக்கு முள்ளுக்குள் கயிறு பிடிக்க, மூலை மட்டம் பார்க்க, ஆளும் நேரமும் அதிகம் வேண்டும்.

தூர அளவை சிறப்பாகப் பொருந்தக்கூடிய ஓர் இடம் இம்மாவட்டத்தின் கோயில் காடுகள். வீரை, காசா, பாலை என்று எப்போதும் பசுமை மாறாத மரங்கள் நெருங்கி நிற்கும் இக்காடுகள் சோழமண்டலக் கரைக்கே உரிய அரிய வகை. மரமடக்கி போன்ற ஊர்க் காடுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கட்டம் பிரித்து மரங்களை எண்ணியிருக்கிறார்கள். சாமி காட்டில் கிளையை வெட்டிக் கயிறு கட்ட ஊர் சம்மதிக்காத இடங்களில், ஒரு முளையும் நாடாவும் மட்டும் போகும் முறையை யாரும் தடுக்கமாட்டார்கள். காடு பெருகுகிறதா தேய்கிறதா என்பதை ஐந்தாண்டுக்கு ஒரு முறை அதே இடங்களில் அளந்து ஊரே தெரிந்துகொள்ளலாம். இங்கும் கொத்து உண்டா என்ற சோதனையைச் செய்யாமல் எண்ணை நம்பக் கூடாது.

எண்ணிக்கையிலிருந்து எடைக்கு

மரம் எத்தனை என்று தெரிந்த பிறகும் பேரம் முடிவதில்லை. விறகும் கரிக்கட்டையும் காகித ஆலைக் கட்டையும் டன் கணக்கில்தான் விலை போகின்றன. தூரம் அளந்த 80 மரங்களிலும் நாலரை அடி உயரத்தில் சுற்றளவையும் அப்போதே எடுத்துவிட்டால் தனி வேலை மிச்சம். அந்த எண்பதையும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பிரித்து, மொத்தத்தில் ஒவ்வொன்றும் எத்தனை பங்கு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வகையிலும் மூன்று நாலு மரங்களை வெட்டி, எடைமேடையில் நிறுத்து, வகைக்கு ஒரு சராசரி எடை கண்டால் நிலத்தின் மொத்த டன் கிடைத்துவிடும். கண்ணுக்கு அழகாக நிற்கும் நடுத்தர மரம் ஒன்றை மட்டும் நிறுத்துப் பெருக்குவது சரியல்ல. பருமன் இரட்டித்தால் எடை இரட்டிப்பதோடு நிற்பதில்லை, நாலு மடங்கையும் தாண்டும். வெட்டிய அன்றே நிறுத்த பச்சை எடையும், காய்ந்த பின் உள்ள எடையும் வெவ்வேறு என்பதால் எந்த எடைக்கு விலை என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

பனையைப் பொறுத்தவரை எண்ணுவது விற்பதற்காக அல்ல. 2021ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. வரப்புப் பனைகளின் எண்ணிக்கையை ஆண் பனை, பெண் பனை என்று தனித்தனியே குறித்து வைத்துக்கொள்வது பின்னால் பயன்படும்.

அளவு வேலைக்கு ஏற்ற பருவம் மாசி, பங்குனி. அப்போது புல்லும் கொடியும் காய்ந்து அடிமரம் தெளிவாகத் தெரியும். உசிலையும் வேம்பும் இலை உதிர்த்திருப்பதால் உலர்ந்த மரம் எது, உயிருள்ள மரம் எது என்று தயங்கினால் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்துக்கொள்ளலாம். நோட்டில் எழுதுபவர் ஒருவர், நாடா பிடித்து உள்ளே போகிறவர் ஒருவர். உள்ளே போகிறவர் கனத்த செருப்பு அணிந்துகொள்ள வேண்டும். சீமைக் கருவேல் முள் மெல்லிய ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும்.